சிறந்த பந்து வீச்சாளர் யார்? – தரவரிசைப் பட்டியல்களின் நிறையும் குறையும்

திண்டுக்கல்லிலிருந்து நத்தம் செல்லும் சாலை சிறுமலையின் அடிவாரத்தை ஒட்டிச் செல்கிறது. மலையில் விளையும் வாழைத்தார்கள் திண்டுக்கல் மண்டியில் விலைபோவதை அவ்வூர் மாணவர்கள் பார்த்திருப்பார்கள். ஒரு காயை மட்டும் பார்த்து ஒரு தோட்டத்துக்கே விலை சொல்லும் வியாபாரி எவரும் இல்லை. ஆனால் அதே சாலையில் உள்ள நத்தத்துக் கல்லூரி மைதானத்தில் கிரிக்கெட் பார்க்கச் சென்றால், ஒரே மாலைப்பொழுதில் நான்கு ஓவர் வீசிய இளைஞனை 'வருங்கால நட்சத்திரம்' என்றோ 'தேறமாட்டான்' என்றோ முடிவு கட்டிவிடுகிறோம். 2016-இல் தொடங்கிய தமிழ்நாடு பிரீமியர் லீக் போட்டியின் ஆட்டங்கள் அங்கு நடைபெற்றுள்ளன. ரவிச்சந்திரன் அஸ்வின் தலைமையில் திண்டுக்கல் அணி 2024-இல் கோப்பையை வென்றபின் இத்தகைய பேச்சு மேலும் வளர்ந்திருக்கிறது.

'உலகின் சிறந்த பந்து வீச்சாளர்கள்' என்று ஒன்று, இரண்டு, மூன்று என வரிசை எண்ணிட்ட பட்டியல்களைப் பத்திரிகைகளில் அடிக்கடி காண்கிறோம். இவை எந்த அளவுக்கு அறிவியல் முறையானவை? இதனை ஆராய்வோம்.

சராசரி சொல்வது என்ன?

ஒரு பந்து வீச்சாளர் விட்டுக்கொடுத்த ரன்களை அவர் எடுத்த விக்கெட்டுகளால் வகுத்தால் வருவது சராசரி. இது குறைவாக இருப்பதே சிறப்பு. கண்டியில் பிறந்த தமிழரான முத்தையா முரளிதரன் 1992 முதல் 2010 வரை 133 டெஸ்டுகளில் 18,180 ரன்கள் கொடுத்து 800 விக்கெட்டுகள் எடுத்தார். சராசரி 22.72. ஆஸ்திரேலியாவின் ஷேன் வார்னே 145 டெஸ்டுகளில் 708 விக்கெட்டுகள் எடுத்தார். சராசரி 25.41. இவ்விரு எண்களை மட்டும் பார்த்தால் முரளிதரனே மேலானவர், வழக்கு முடிந்தது!

ஆனால் அறிவியல் மாணவன் அவ்வளவு விரைவில் தீர்ப்புக் கூறமாட்டான். எந்த அளவீட்டிலும் இருவகைப் பிழைகள் புகுவதை அவன் ஆய்வுக்கூடத்திலேயே அறிந்திருக்கிறான். ஒன்று ஒருசார்ப் பிழை. மற்றொன்று தற்செயல் பிழை.

சாய்ந்த தராசு

தராசின் தட்டு ஒருபக்கம் சாய்ந்திருந்தால் நூறு முறை நிறுத்தாலும் எடை தவறாகவே வரும். இதுவே ஒருசார்ப் பிழை. கிரிக்கெட்டில் இது எதிரணி, ஆடுகளம், காலம் ஆகிய மூன்று வழிகளில் நுழைகிறது.

முதலில் எதிரணி. முரளிதரனின் 800 விக்கெட்டுகளில் 176 வங்கதேசம், ஜிம்பாப்வே ஆகிய வலிமை குறைந்த இரு அணிகளிடம் கிடைத்தவை. அவற்றை நீக்கினால் 624 விக்கெட்டுகள் மிஞ்சும், சராசரி 24.87 ஆகும். வார்னே அந்த அணிகளிடம் எடுத்தவை 17 மட்டுமே. அவற்றை நீக்கினாலும் அவருடைய சராசரி 25.4 என்றே நிற்கும். மறுபுறம், அக்காலத்தின் மிக வலிய மட்டையாளர்களைக் கொண்ட ஆஸ்திரேலியாவுக்கு முரளிதரன் பந்து வீச வேண்டியிருந்தது. வார்னேக்கோ அவர்கள் சொந்த அணியினர். ஆகவே தராசு இருபக்கமும் சாய்கிறது.

அடுத்து ஆடுகளம். 106 டெஸ்டுகள் ஆடி 2024 டிசம்பரில் ஓய்வு பெற்ற நம் அஸ்வினின் மொத்தச் சராசரி 24.00. ஆனால் இந்திய மண்ணில் எடுத்த 383 விக்கெட்டுகளுக்குச் சராசரி 21.57, வெளியே எடுத்த 154 விக்கெட்டுகளுக்குச் சுமார் 30. ஒரே மனிதர், ஒரே விரல்கள். மண் மாறியதும் ஒரு விக்கெட்டின் விலை எட்டு ரன்களுக்கு மேல் ஏறிவிட்டது. அயல்மண்ணில் திணறியவர் அவர் மட்டுமல்லர். வார்னே இந்தியாவில் 43 ரன்களுக்கு ஒரு விக்கெட்டும், முரளிதரன் ஆஸ்திரேலியாவில் 75 ரன்களுக்கு ஒரு விக்கெட்டுமே எடுத்தனர்.

மூன்றாவது காலம். இங்கிலாந்தின் ஜார்ஜ் லோமன் 1886 முதல் 1896 வரை 18 டெஸ்டுகளில் 112 விக்கெட்டுகளை 10.75 சராசரியில் எடுத்தார். மழையிலிருந்து மூடிக் காக்கப்படாத ஆடுகளங்களின் காலம் அது. அந்த எண்ணை இன்றைய எண்களுடன் நேரே ஒப்பிடுவது அந்நாளைய ஒரு ரூபாயை இன்றைய ஒரு ரூபாயுடன் ஒப்பிடுவது போலாகும்.

இதற்கு மாற்று உண்டா? அமெரிக்கர்களின் பேஸ்பால் ஆட்டத்தில் ஒரு நல்ல வழி கண்டிருக்கிறார்கள். அங்கே தொடக்கப் பந்தெறியாளர், ஒன்பது இன்னிங்ஸுக்குச் சராசரியாக எத்தனை ஓட்டங்கள் கொடுத்தார் என்று கணக்கிடுவர். பாப் கிப்சன் 1968-இல் 1.12 ஓட்டங்களே கொடுத்தார். பெட்ரோ மார்ட்டினெஸ் 2000-இல் 1.74 கொடுத்தார். ஆனால் 1968-இல் கிப்சன் ஆடிய லீகின் பொதுச் சராசரியே 2.99 தான். அவ்வாண்டு பந்தெறிபவர்களின் கை மிகவும் ஓங்கியிருந்ததால், அவர்கள் நின்று எறியும் மேட்டின் உயரத்தை 1969-இல் 15 அங்குலத்திலிருந்து 10 அங்குலமாகக் குறைத்தனர். 2000-இல் மார்ட்டினெஸ் ஆடிய லீகின் சராசரி 4.91. அவரவர் காலத்தின் சராசரியை 100 எனக் கொண்டால் கிப்சன் 37, மார்ட்டினெஸ் 35. வெறும் எண்கள் காட்டிய பெரிய இடைவெளி மறைந்துவிட்டதன்றோ!

வர்க்கமூல விதி

இனித் தற்செயல் பிழை. தவறவிட்ட கேட்ச், மட்டையின் விளிம்பில் படாமல் நூலிழையில் தப்பிய பந்து எனக் குருட்டு அதிர்ஷ்டத்துக்கு ஆட்டத்தில் இடம் உண்டு. இதன் அளவை மதிப்பிட எளிய விதி ஒன்று இருக்கிறது. ஒருவர் எடுத்த விக்கெட்டுகளின் எண்ணிக்கைக்கு வர்க்கமூலம் காண்க. 1-ஐ அதனால் வகுத்து வருவதே ஏறத்தாழப் பிழையின் விகிதம். 624-இன் வர்க்கமூலம் சுமார் 25. எனவே பிழை 4 விழுக்காடு. 24.87 என்பது உண்மையில் 'ஒரு ரன் கூடலாம், ஒரு ரன் குறையலாம்' என்ற எண்ணே. வார்னேயின் நிலையும் அதுதான். இருவருக்கும் உள்ள வேறுபாடோ அரை ரன். அரை அங்குலக் கோடுகள் இல்லாத அளவுகோலால் அரை அங்குலத்தை அளக்க முடியுமா? ஆகவே, இந்த ஒப்பீட்டில் இருவரும் சமம் என்பதே நேர்மையான விடை. ஒருவருக்கு 1 என்றும் மற்றவருக்கு 2 என்றும் எண்ணிடுவது அளவீடு அன்று, அபிமானம்.

இவ்விதியின் கடுமை சென்னையின் சுழற்பந்து வீச்சாளர் வி. வி. குமாரிடம் வெளிப்படுகிறது. முதல்தர ஆட்டங்களில் அவர் எடுத்தவை 599 விக்கெட்டுகள், சராசரி 19.98. அதில் பிழை 4 விழுக்காடே. டெஸ்டிலோ 1961-இல் இரண்டே ஆட்டங்கள், 7 விக்கெட்டுகள், சராசரி 28.85. 7 விக்கெட்டுகளுக்குப் பிழை 38 விழுக்காடு. அதாவது அவருடைய உண்மைத் திறன் 18 ஆகவும் இருக்கலாம், 40 ஆகவும் இருக்கலாம்! டெஸ்ட் பட்டியலில் அவர் பெயர் இல்லாதது அவருடைய திறமையைப் பற்றி எதையும் சொல்லவில்லை. போதிய அளவு அளக்கப்படவில்லை என்று மட்டுமே சொல்கிறது.

ஐ.சி.சி. பட்டியல்

1987-இல் தொடங்கிய, இன்று ஐ.சி.சி. வெளியிடும் தரவரிசை இக்குறைகளில் சிலவற்றைக் களைந்திருக்கிறது என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். வீழ்த்தப்பட்ட மட்டையாளரின் தரத்தை அது கணக்கில் கொள்கிறது. அண்மை ஆட்டங்களுக்குக் கூடுதல் மதிப்புத் தருகிறது. 70 டெஸ்ட் விக்கெட்டுகள் எடுக்கும்வரை முழு மதிப்பெண் வழங்குவதில்லை. நல்ல ஏற்பாடுதான். ஆனால் 'இப்போது யார் நன்றாக வீசுகிறார்' என்ற கேள்விக்குரிய விடையை 'எக்காலத்திலும் சிறந்தவர் யார்' என்ற கேள்விக்குப் பயன்படுத்துவது தவறு. இங்கிலாந்தின் சிட்னி பார்ன்ஸ் 1914-இல் எட்டியது 932. அஸ்வின் 2016-இல் எட்டியது 904. நூறாண்டு இடைவெளியில் இந்த 28 புள்ளிகளுக்கு என்ன பொருள்? அந்த எண்களின் அருகே பிழை அளவும் அச்சிடப்படுவதில்லை.

இருபத்து நான்கு பந்துகள்

பெரியவர்களின் வரிசை எண் எப்படியானால் என்ன, பொழுதுபோக்குத்தானே என்று சிலர் கேட்கலாம். நத்தத்து மைதானத்தில் ஆடும் இளைஞனுக்கு அது பொழுதுபோக்கு அன்று. அவனுக்கு ஓர் ஆட்டத்தில் கிடைப்பது அதிகபட்சம் 24 பந்துகள். சராசரியாக 20 பந்துக்கு ஒரு விக்கெட் எடுக்கும் திறமை அவனுக்கு இருப்பதாகக் கொள்வோம். நிகழ்தகவுக் கணக்குப்படி, பத்து ஆட்டங்களில் மூன்றில் அவனுக்கு ஒரு விக்கெட்டும் கிடைக்காது. ஏறத்தாழ ஒன்பதில் ஓர் ஆட்டத்தில் மூன்றோ அதற்கு மேலோ கிடைக்கும். திறமை மாறவே இல்லை! 30 பந்துக்கு ஒரு விக்கெட் எடுக்கும் மற்றொருவனுடன் ஏழு ஆட்டங்கள் முழுவதும் ஒப்பிட்டாலும், நான்கில் ஒரு முறை அவன் இவனைச் சமன் செய்துவிடுவான் அல்லது மிஞ்சிவிடுவான். விக்கெட் எண்ணிக்கையை மட்டும் பார்த்துத் தேர்ந்தெடுத்தால், நல்ல வீச்சாளன் வீட்டுக்கு அனுப்பப்படும் வாய்ப்பு அவ்வளவு பெரிது.

எனவே வரிசை எண்களுக்குப் பதிலாகப் படிகளாகப் பிரிப்பதே முறை. பிழை எல்லைக்குள் அடங்குவோரை ஒரே படியில் நிறுத்தலாம். புள்ளி போதாதவர்களை 'இன்னும் அளக்க வேண்டியவர்கள்' என்று தனியே குறிக்கலாம். மாணவர்கள் தங்கள் பள்ளி அணியிலேயே இதனைச் செய்து பார்க்கலாம். ஒரு நோட்டுப் புத்தகத்தில் ஒவ்வொரு வீச்சாளனின் பந்துகள், ரன்கள், விக்கெட்டுகள் ஆகியவற்றுடன், எந்த மைதானம், யார் எதிரணி என்பதையும் குறித்து வாருங்கள். ஆண்டு முடிவில் சராசரியின் அருகே பிழையையும் எழுதுங்கள். அணியிலிருந்து நீக்கப்பட இருந்த ஒருவனை அந்தச் சிறு எண் காப்பாற்றக்கூடும்.