இரு சென்னை அணிகளும் ஒரு கோப்பையும்

2019-ஆம் ஆண்டு ஏப்ரல் 13-ஆம் தேதி, தமிழ்ப் புத்தாண்டுக்கு முந்தின நாள், புவனேசுவரத்துக் கலிங்கா மைதானத்தில் நடைபெற்ற சூப்பர் கோப்பைக் கால்பந்து இறுதி ஆட்டத்தில், சென்னையின் எஃப்.சி. அணி எஃப்.சி. கோவாவிடம் 2-1 என்ற கோல் கணக்கில் தோற்றது. தோல்வியில் முடிந்த பருவமாகையால் அதைப் பற்றி நம் ஊரில் விஸ்தாரமாகப் பேசியவர்கள் குறைவு. ஆனால், தேசம் முழுவதற்குமான அந்தக் கோப்பையின் அரையிறுதியில் நின்ற நான்கு அணிகளுள் இரண்டு நம் நகரத்தின் பெயரைத் தாங்கியவை என்பதை எண்ணிப் பார்க்குமிடத்து, சென்னைக் கால்பந்தின் சரித்திரத்தில் அந்தப் பருவத்துக்கு உரிய ஸ்தானம் இன்னும் அளிக்கப்படவில்லை என்பதே என் அபிப்பிராயம்.

சென்னையின் எஃப்.சி. அணி எந்த நிலையிலிருந்து அந்த இறுதி ஆட்டத்துக்கு வந்தது என்பதை முதலில் நினைவுகூர வேண்டும். 2018 மார்ச்சில் பெங்களூருவின் சொந்த மைதானத்திலேயே பெங்களூரு எஃப்.சி.யை 3-2 என்று வென்று, இந்தியன் சூப்பர் லீக் பட்டத்தை இரண்டாம் முறையாகக் கைப்பற்றிய அதே அணி, அடுத்த பருவத்தில் ஆடிய 18 ஆட்டங்களில் இரண்டில் மட்டுமே வெற்றி கண்டு, ஒன்பது புள்ளிகளோடு பட்டியலின் கடைசி இடத்தில் விழுந்து கிடந்தது. அத்தகைய வீழ்ச்சிக்குப் பின்பு ஓர் அணி மனம் ஒடிந்து, பருவம் முடிந்தால் போதும் என்று இருந்துவிடுவதே உலக வழக்கம். பயிற்சியாளர் ஜான் கிரிகரி அதற்கு இடங்கொடுக்கவில்லை. 2000-ஆம் ஆண்டில் ஆஸ்டன் வில்லா அணியை இங்கிலாந்தின் எஃப்.ஏ. கோப்பை இறுதி ஆட்டம் வரையில் நடத்திச் சென்று, பழைய வெம்ப்ளி மைதானத்தில் செல்சியிடம் ஒரே கோலில் தோற்றவர் அவர். தோற்றால் வெளியேறும் முறையின் குணம் எது என்பதை அனுபவத்தால் அறிந்தவர். லீக் ஆட்டத்தில் நேற்றைய தோல்வியின் சுமை நாளைய பட்டியலிலும் தொடர்ந்து வரும்; கோப்பை ஆட்டத்திலோ ஒவ்வொரு மாலையும் கணக்கு புதிதாகத் தொடங்குகிறது. மும்பை சிட்டி அணியை 2-0 என்றும், நார்த் ஈஸ்ட் யுனைடெட் அணியை 2-1 என்றும், அரையிறுதியில் கொல்கத்தாவின் ஏ.டி.கே.யை 2-0 என்றும் வரிசையாக வென்ற அந்த அணியைப் பார்த்தவர்களுக்கு, பருவம் முழுவதும் இரண்டே வெற்றி பெற்றவர்கள் இவர்கள்தாமா என்ற ஆச்சரியம் எழுந்திருக்கும். ஏ.டி.கே.க்கு எதிராக சி.கே. வினீத் ஒரு கோலும், அப்போது 21 வயதே நிரம்பியிருந்த அனிருத் தாபா ஒரு கோலும் அடித்தார்கள். நடுக்களத்தில் தாபா ஆடிய நிதானம் அவருடைய வயதுக்கு மீறியது.

மற்றோர் அணியான சென்னை சிட்டியின் கதை இதற்கு நேர்மாறானது. சென்னையின் பெயரை வைத்துக்கொண்டு கோயம்புத்தூர் நேரு மைதானத்தைத் தன் இல்லமாக்கிக்கொண்ட அந்த அணி, சிங்கப்பூரைச் சேர்ந்த அக்பர் நவாஸின் பயிற்சியில், 21 கோல்கள் அடித்த பெட்ரோ மான்சியின் துணையோடு, ஈஸ்ட் பெங்காலை ஒரே புள்ளியில் பின்தள்ளி ஐ-லீக் பட்டத்தை வென்ற களிப்போடு புவனேசுவரம் வந்தது. தங்கள் எதிர்காலத்தைப் பற்றிய மனக்குறையால் மோகன் பகான், ஈஸ்ட் பெங்கால் முதலிய ஐ-லீக் கழகங்கள் பல ஆட வராமையால் அந்தக் கோப்பையின் ஆரம்பமே களை இழந்திருந்தது. எனினும், காலிறுதியில் ஐ-லீக் சாம்பியனான சென்னை சிட்டியும் இந்தியன் சூப்பர் லீக் சாம்பியனான பெங்களூருவும் நேருக்கு நேர் நிற்க நேர்ந்தது அந்தக் குறையைப் பெரும்பாலும் ஈடுசெய்தது. இரண்டு லீக்குகளில் எது உயர்ந்தது என்று காகிதத்தில் நடந்துகொண்டிருந்த விவாதத்துக்குப் புல்தரையில் விடை தேடிய மாலை அது. சென்னை சிட்டி 2-1 என்று வென்றது. ஒரே ஆட்டத்தைக் கொண்டு ஒரு லீக்கின் தரத்தை நிர்ணயிப்பது நியாயமாகாது. ஆயினும், குறைந்த பணத்தில் நடத்தப்பட்ட ஓர் அணி, சரியான வீரர்களைத் தெரிந்தெடுத்துச் சேர்ந்து ஆடப் பழக்கினால், செல்வந்த அணிகளுக்குச் சமமாக நிற்கலாம் என்பதற்கு அதைவிடச் சிறந்த பிரமாணம் அந்த ஆண்டில் கிடைக்கவில்லை.

அரையிறுதியில் கோவா அவர்களை 3-0 என்று நிறுத்திவிட்டது. இல்லாவிடில் இரண்டு சென்னை அணிகளே கோப்பைக்காக மோதியிருக்கும்.

இறுதி ஆட்டத்தில் இடைவேளை வரையில் கோல் விழவில்லை. 51-ஆவது நிமிஷத்தில் கோவாவின் கோரோ முதல் கோலை அடித்தார். 54-ஆவது நிமிஷத்தில் ரஃபேல் அகஸ்டோ அதைச் சமன் செய்தார். 64-ஆவது நிமிஷத்தில் பிராண்டன் ஃபெர்னாண்டஸின் கோல் முடிவை நிர்ணயித்தது. மூன்று கோல்களும் பதின்மூன்று நிமிஷங்களுக்குள் அடங்கிவிட்டன. செர்ஜியோ லொபேரா பழக்கிய கோவா அணி பந்தைத் தன்னிடமே வைத்துக்கொண்டு, சிறு சிறு தட்டல்களால் எதிரியை அலையவைத்துக் களைக்கச் செய்யும் அணி. இரண்டு பருவங்களாக இந்தியன் சூப்பர் லீக்கில் அதிகக் கோல் அடித்தவர் என்ற பெருமை கோரோவுக்கு உண்டு. அப்படிப்பட்ட அணியிடம் சமன் செய்தவுடனே ஆட்டத்தின் வேகத்தைத் தணித்து, ஒரு கால் மணி நேரமேனும் கதவை அடைத்து வைத்திருந்தால், கூடுதல் நேரத்துக்கும் அதன்பின் பெனால்டிக்கும் வழி பிறந்திருக்கும். பத்தே நிமிஷங்களில் மறு கோலை விட்டதுதான் சென்னையின் தோல்விக்குக் காரணம் என்று நான் கருதுகிறேன்.

கோப்பை ஆட்டங்களில் தமிழ்நாட்டுக்குப் பூர்வ பாத்தியதை இல்லாமலில்லை. 1888-இல் சிம்லாவில் தொடங்கிய டியூரண்ட் கோப்பையை நீலகிரி வெலிங்டனிலிருந்து சென்ற மதராஸ் ரெஜிமெண்டல் சென்டர் அணி 1955-இலும் 1958-இலும் வென்றிருக்கிறது. இந்தியாவின் மகத்தான கோல்கீப்பர்களில் ஒருவரான பீட்டர் தங்கராஜ் அந்த அணியின் பாசறையில் உருவானவர். 1977-இல் தொடங்கிய ஃபெடரேஷன் கோப்பை 2017-உடன் நின்றுபோக, அதன் ஸ்தானத்தில் 2018-இல் பிறந்ததே சூப்பர் கோப்பை.

இங்கேதான் என் மனத்தாங்கலைச் சொல்ல வேண்டியிருக்கிறது. 2019-இல் கோப்பை முழுவதும் புவனேசுவரத்திலேயே நடந்தது. இடையில் 2023-இல் கேரளத்துக்குச் சென்றதே தவிர, 2024-இலும் 2025-இலும் மறுபடி புவனேசுவரத்திலேயே நடந்தது. இடம் மாறினாலும் ஒரே இடத்தில் கூட்டி நடத்தும் முறை மாறவில்லை. செலவு குறையும், ஒளிபரப்பு எளிதாகும் என்பது மெய்யே. ஆனால், திருமயிலையில் பறக்கும் ரயிலேறிப் பார்க் டவுனில் இறங்கினால் நடந்து சேரக்கூடிய தூரத்தில் நேரு மைதானம் இருக்க, மயிலாப்பூரிலும் அடையாற்றிலும் தியாகராய நகரிலும் இருக்கும் ரசிகன் தன் நகரத்தின் மிகப் பெரிய கோப்பை ஆட்டத்தை ஆயிரம் கிலோமீட்டருக்கு அப்பாலிருந்து தொலைக்காட்சியில் பார்க்க நேர்ந்தது எவ்வளவு பெரிய இழப்பு! சோமசுந்தரம் மைதானத்திலும் பட்டினப்பாக்கம் மணலிலும் மாலைதோறும் பந்து உதைக்கும் சிறுவர்கள், வினீத்தையும் தாபாவையும் கோப்பை ஆட்டத்தில் கண்ணெதிரே கண்டிருந்தால், அவர்களுள் சிலருக்கேனும் இந்த ஆட்டத்தின்மேல் வாழ்நாள் முழுவதும் நிலைக்கும் பற்று ஏற்பட்டிருக்கும். இங்கிலாந்தின் எஃப்.ஏ. கோப்பையில் சீட்டுக் குலுக்கி முதலில் எடுக்கப்படும் அணிக்கே சொந்த மைதானம் என்ற விதியால்தான், சிற்றூர் அணி ஒன்று தன் ஊராரின் முன்னிலையில் பெரிய அணியைச் சந்திக்கும் பாக்கியம் பெறுகிறது. நம் தேசத்திலும் இது அசாத்தியமானதன்று: 2015-16 ஃபெடரேஷன் கோப்பையில் காலிறுதியும் அரையிறுதியும் இரு அணிகளின் ஊர்களிலும் மாறி மாறி நடந்தன, மோகன் பகானும் மிசோரத்தின் ஐஸ்வால் அணியும் அந்த வழியாகவே இறுதி ஆட்டத்துக்கு வந்தன.

பரிசைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். 2019-இல் கோப்பையை வென்ற கோவாவுக்கு அதன்மூலம் ஆசியப் போட்டிக்குப் பிரவேசம் கிடைக்கவில்லை. 2025 மே மாதம் ஜாம்ஷெட்பூரை 3-0 என்று வென்று மறுபடியும் சூப்பர் கோப்பையைக் கைப்பற்றிய அதே கோவாவுக்கு, ஆசியச் சாம்பியன்ஸ் லீக் இரண்டாம் பிரிவின் வாசல் திறந்தது. அவ்வருஷம் அக்டோபரில் சவூதியின் அல் நஸர் அணி ஃபதோர்டா மைதானத்துக்கே வந்து ஆடியது. இந்த ஒரு திருத்தம் அந்தக் கோப்பைக்கு எத்தனை கௌரவம் சேர்த்தது என்பதைக் கோவா மக்கள் கண்கூடாகக் கண்டார்கள்.

ஆகவே, அகில இந்தியக் கால்பந்து சம்மேளனத்துக்கு என் விண்ணப்பம் இதுதான்: இறுதி ஆட்டத்தை எங்கே வேண்டுமானாலும் வையுங்கள், முந்தின சுற்றுக்களையேனும் குலுக்கலில் முதலில் வரும் அணியின் சொந்த ஊரில் நடத்துங்கள். அப்படி ஒரு சுற்று சென்னைக்கு வாய்க்குமானால், தென்சென்னை ரசிகர்கள் அன்று மாலை வீட்டில் உட்கார்ந்திராமல் பெரியமேட்டுக்குப் போய் நேரு மைதானத்தின் இருக்கைகளை நிரப்ப வேண்டுமென்று கேட்டுக்கொள்கிறேன்.