57 கேள்விகளும் ஒரு சட்டமும்: ஜப்பானின் மன அழுத்தச் சோதனை

வேலையிட மன அழுத்தத்தைப் பற்றிப் பேசாத நிறுவனம் இன்று இல்லை. அதை ஆண்டுதோறும் அளந்தே தீர வேண்டும் என்று சட்டம் போட்ட நாடு ஜப்பான். 2014இல் திருத்தப்பட்ட தொழிலகப் பாதுகாப்பு, உடல்நலச் சட்டத்தின்படி, 2015 டிசம்பர் 1 முதல் 50 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் ஒவ்வொரு பணியிடமும் ஆண்டுக்கு ஒருமுறை ‘ஸ்ட்ரெஸ் செக்’ நடத்தியாக வேண்டும். பத்தாண்டு ஓடிவிட்டது. இனி இந்தத் திட்டத்தை அதன் நல்லெண்ணத்துக்காகப் பாராட்டிக்கொண்டிருப்பது திறனாய்வு ஆகாது. அது தனக்கென வகுத்துக்கொண்ட இலக்கையே அளவுகோலாகக் கொள்ள வேண்டும். 2011இல் வந்த முதல் மசோதா மனநல அறிகுறிகளைத் தேடும் சோதனையாக இருந்தது. அடுத்த ஆண்டு கீழவை கலைக்கப்பட்டபோது காலாவதியானது. மறுபடி வந்தபோது அரசு நோக்கத்தை மாற்றிச் சொன்னது: நோயாளியைத் தேடுவதைவிட, நோய் வராமல் தடுப்பதே முதல் வேலை. இந்த வாக்குறுதிதான் நம் உரைகல்.

கருவியிலிருந்து தொடங்கலாம். அரசு பரிந்துரைக்கும் வினாத்தாளில் 57 கேள்விகள். வேலையின் தன்மை பற்றி 17, உடல்-மன விளைவுகள் பற்றி 29, சுற்றியிருப்போரின் ஆதரவு பற்றி 9, மனநிறைவு பற்றி 2. ஒவ்வொன்றுக்கும் நான்கு விடைகள்; ஐந்து, பத்து நிமிடத்தில் முடித்துவிடலாம். எளிமையாகத் தோன்றினாலும் இதன் அடித்தளம் திடமானது. வேலைப்பளு மட்டும் ஆளை முறிப்பதில்லை, பளு மிகுந்து தன் வேலைமீது தனக்கே பிடி இல்லாத நிலைதான் முறிக்கிறது என்று ராபர்ட் கராசெக் 1979இல் முன்வைத்த கருத்தை இது உள்வாங்கியிருக்கிறது. ஆகவே ஒரே அளவு வேலை செய்யும் இருவரில், எதை முதலில் செய்வது, எந்த வேகத்தில் செய்வது என்று தானே முடிவெடுப்பவரையும், அந்த வாய்ப்பு இல்லாதவரையும் பிரித்துக் காட்ட இதனால் முடிகிறது.

விளைவுகள் பற்றிய பகுதி அதைவிட நேர்த்தியானது. துயரத்தில் தொடங்காமல் உற்சாகத்தில் தொடங்குகிறது: கடந்த ஒரு மாதத்தில் மனதில் தெம்பு இருந்ததா என்று கேட்கிறது. பிறகு எரிச்சல், சோர்வு, பதற்றம், மனச்சோர்வு. கடைசியில் தலைபாரம், தோள்பட்டை இறுக்கம், கண் அசதி, உறக்கமின்மை. ‘எனக்கு மனம் சரியில்லை’ என்று எழுதத் தயங்குகிறவரும் ‘தோள்பட்டை வலிக்கிறது’ என்று கூசாமல் எழுதுவார். உடலின் வழியே மனதை அணுகும் இந்த வைப்புமுறை, திட்டத்தின் முதல் உண்மையான சாதனை.

விடுபடல்களும் உண்டு, சிறியவை அல்ல. எத்தனை மணி நேரம் வேலை செய்கிறீர்கள் என்ற கேள்வியே இதில் இல்லை. மேலதிகாரியின் வசவு, மிரட்டல் பற்றியும் கேள்வி இல்லை. உழைப்புக்கு ஈடான மதிப்பு கிடைக்கிறதா என்பதும் இல்லை. யோஹன்னஸ் சீக்ரிஸ்ட் 1996லேயே அதை ஆய்வின் மையத்துக்குக் கொண்டுவந்திருந்தார். பின்னாளில் தயாரான 80 கேள்விப் பதிப்பு துன்புறுத்தலையும் மதிப்பையும் சேர்த்துக்கொண்டது. ஆனால் அதைத்தான் பயன்படுத்த வேண்டும் என்ற கட்டாயம் இல்லை.

இரகசியக் காப்பைப் பொறுத்தவரை சட்டம் கண்டிப்பானது. பணிநீக்கம், பதவி உயர்வு, இடமாற்றம் ஆகியவற்றில் அதிகாரம் உள்ள எவரும் விடைத்தாளைத் தொடக்கூடாது. முடிவு நேராக ஊழியரின் கைக்கே போகிறது. அவர் சம்மதிக்காமல் நிறுவனம் பார்க்க முடியாது. சோதனையை எழுத மறுக்கவும் அவருக்கு உரிமை உண்டு. இவ்வளவு கவனமாகக் கட்டிய மதிலில் சட்டமே ஒரு வாசலைத் திறந்து வைத்திருக்கிறது. ‘உயர் அழுத்தம்’ என்று முடிவு வந்தவர் மருத்துவரைச் சந்திக்க விரும்பினால், அந்த விண்ணப்பத்தை நிறுவனத்திடம்தான் கொடுக்க வேண்டும். விண்ணப்பித்தாலே, முடிவைக் காட்டச் சம்மதித்ததாகக் கொள்ளப்படும். விண்ணப்பித்தவருக்குப் பாதகம் செய்யக் கூடாது என்ற தடை இருக்கிறது, உண்மைதான். ஆனால் அடுத்த இடமாற்றப் பட்டியலில் தன் பெயர் ஏன் வந்தது என்பதை எந்த ஊழியரால் நிரூபிக்க முடியும்? சோதனை எழுதியவர்களில் மருத்துவரைச் சந்திக்கக் கேட்போர் மிகச் சொற்பமாக இருப்பதில் வியப்பில்லை. உதவி தேவைப்படும் அதே கணத்தில் பாதுகாப்பு கைநழுவுகிறது. முறைமையின் ஒத்திசைவு இங்கே உடைகிறது.

தடுப்பு என்ற வாக்குறுதியைத் தாங்கும் பகுதி குழுப் பகுப்பாய்வு. பளு, பிடிமானம், மேலாளரின் ஆதரவு, சக ஊழியரின் ஆதரவு ஆகிய நான்கையும் பிரிவுவாரியாகத் தொகுத்து வரைபடத்தில் இடுகிறார்கள். அவற்றிலிருந்து கணக்கிடும் அபாயக் குறியீட்டில் தேசிய சராசரி 100. ஒரு பிரிவு 120 என்று வந்தால், அங்கே உடல்நலக் கேட்டின் அபாயம் சராசரியைவிட 20 விழுக்காடு கூடுதல் என்று பொருள். யாரையும் பெயர் சொல்லிச் சுட்டாமல் பிரிவைச் சுட்டும் இந்தப் பார்வைதான் திட்டத்தின் ஆகச் சிறந்த பகுதி. அதைத்தான் சட்டம் ‘முயல வேண்டிய கடமை’ என்று மென்மையாக்கி விட்டுவிட்டது. சோதனை கட்டாயம், சூழலைத் திருத்துவது விருப்பம். 2018இல் வெளியான ஓர் ஓராண்டு ஆய்வு, சோதனையோடு பணிச்சூழலும் மேம்படுத்தப்பட்ட இடங்களில் ஊழியரின் மனஉளைச்சல் குறைந்ததாகக் கண்டது. அந்தக் குறைவும் சிறியதே. சோதனை மட்டும் நடந்த இடங்களில் குறிப்பிடத்தக்க மாற்றம் தெரியவில்லை. பிரிட்டனின் தொழிலக நலத்துறை 2004இல் வெளியிட்ட மேலாண்மைத் தரங்கள் பளு, பிடிமானம், ஆதரவு, உறவு, பொறுப்பு, மாற்றம் என்ற ஆறையும் நிறுவனத்தின் பண்புகளாகவே அளக்கின்றன. கருத்தளவில் அது ஜப்பானியத் திட்டத்தைவிடத் தெளிவானது, சட்டக் கட்டாயத்தில் நலிவானது.

சோதனை நடைமுறைக்கு வந்த அதே 2015 டிசம்பரில், டென்ட்சு விளம்பர நிறுவனத்தில் அவ்வாண்டுதான் சேர்ந்திருந்த 24 வயதுப் பெண் தற்கொலை செய்துகொண்டார். மாதம் 100 மணி நேரத்தைத் தாண்டிய ஓவர்டைம் காரணமாக அது பணிசார் மரணம் என்று மறு ஆண்டு அங்கீகரிக்கப்பட்டது. 2017இல் நிறுவனத்துக்கு 5 லட்சம் யென் அபராதம். அவரைச் சோதனை காத்திருக்குமா என்று கேட்பது முறையல்ல, அது அப்போதுதான் தொடங்கியிருந்தது. ஆனால் அந்த மரணத்தின் பின் எழுந்த கொந்தளிப்புக்குப் பதிலாக வந்தது வேறொரு சட்டம்: 2019 ஏப்ரல் முதல் ஓவர்டைமுக்கு அபராதத்தோடு கூடிய உச்சவரம்பு. அந்த வரம்பும் தாராளமானதுதான். நெருக்கடி மாதத்தில் 100 மணிக்குச் சற்றுக் குறைவு வரை அனுமதிக்கிறது. இருந்தும் அது ஆளிடம் எதையும் கேட்காமல் வேலை நேரத்தின் அளவையே தொடுகிறது. 57 கேள்விகள் ஒருமுறைகூடத் தொடாத இடம் அது.

என் தீர்ப்பு இது. அழுத்தத்தை இனங்காணும் கருவியாக இந்தத் திட்டம் உயர்ந்த தரத்தது. எந்த நாடும் தயங்காமல் கற்றுக்கொள்ளலாம். அழுத்தத்தைக் கையாளும் முறையாக இது பாதியில் நிற்கிறது. 2025இன் திருத்தம் 50 பேருக்குக் குறைந்த பணியிடங்களுக்கும் சோதனையைக் கட்டாயமாக்கி, நடைமுறைக்கு மூன்றாண்டு வரை அவகாசம் தந்திருக்கிறது. குழுப் பகுப்பாய்வை விருப்பமாகவே விட்டுவிட்டது. 10 பேருக்குக் குறைந்த குழுவின் முடிவை அனைவரின் சம்மதமும் இல்லாமல் முதலாளியிடம் காட்டக் கூடாது என்பது ஏற்கெனவே உள்ள விதி. எட்டுப் பேர் வேலை செய்யும் ஒரு பட்டறையில், ஆளைச் சுட்டாமல் சூழலைச் சுட்டும் அந்த வரைபடம் எப்படி உருவாகும் என்பதற்குத் திருத்தத்தில் விடை இல்லை.