‘கேட்ச் மீ இஃப் யூ கேன்’ திரைப்படத்தில் அடையாளமும் தனிமையும்

ஸ்டீவன் ஸ்பீல்பெர்க் இயக்கிய ‘கேட்ச் மீ இஃப் யூ கேன்’ (2002), பணவேட்கையைக் காட்டிலும் குடும்பச் சிதைவையே ஆள்மாறாட்டத்தின் காரணமாக முன்வைக்கிறது. பெற்றோரின் மணமுறிவின்போது, எவருடன் வாழ்வது எனத் தேர்ந்தெடுக்க வேண்டிய நிலையில் சிறுவன் ஃபிராங்க் விடையளிக்காமல் ஓடுகிறான். விமானி, மருத்துவர், வழக்கறிஞர் என அவன் ஏற்கும் வேடங்கள் அவ்வோட்டத்தின் தொடர்ச்சியே. சீருடையால் கிடைக்கும் மதிப்பு, மெய்ப்பெயரை மறைக்க வேண்டிய தனிமையையும் உடன்கொண்டுவருகிறது. கிறிஸ்துமஸ் இரவில், தன்னைத் துரத்தும் அதிகாரி கார்லையே அவன் தொலைபேசியில் அழைக்கிறான். பேசுவதற்கு அவனுக்கு வேறெவருமில்லை என்பதைக் கார்ல் உணர்கிறார். அவரும் அவ்விரவில் அலுவலகத்தில் தனித்திருப்பவரே. அவன் சூடிய ‘பேரி ஆலன்’ என்னும் பெயர் சித்திரக்கதை நாயகனுடையது எனத் தெரியவருகையில், பொய்ப்பெயரே அவனது இளவயதைக் காட்டிக்கொடுக்கிறது. ஆதலின் இப்படத்தில் பிடிபடுதல் தண்டனையாக மட்டும் அமையாமல், ஒருவரேனும் தன்னை மெய்ப்பெயரால் அறிய வேண்டும் என்னும் அவனது தேவையையும் நிறைவுசெய்கிறது.