ஆய்வு யாருக்காக?

கலை யாருக்காக என்ற கேள்வியைச் சுற்றி நம்மவரிடையே நெடுங்காலம் விவாதம் நடந்ததுண்டு. கலை கலைக்காகவே என்று சாதித்தவர்களுக்கு மறுமொழி கூறியோர், எப்படைப்பும் ஒரு குறிப்பிட்ட சமுதாயத்தில், குறிப்பிட்ட உறவுகளுக்கிடையே பிறக்கிறது என்பதை எடுத்துக்காட்டினர். ஆயின் இதே கேள்வியை விஞ்ஞானத்தின் முன் வைப்பதற்கு நாம் தயங்குகிறோம். தராசும் சோதனைக் குழாயும் பக்கஞ் சாராதவை. ஆகவே ஆய்வும் பக்கஞ் சாராதது என்ற எண்ணம் படித்தவர் மனத்தில் ஊறிக் கிடக்கிறது. தராசு பக்கஞ் சாராதது என்பது உண்மையே. அத்தராசில் எதை நிறுப்பது, நிறுத்ததை யாருக்குக் கொடுப்பது என்பவற்றைத் தீர்மானிப்போர் மனிதர். அவர்களுக்கு நலன்கள் உண்டு.

அரசின் பணம், பல்கலைக்கழகத்தின் அறிவு, தொழில் நிறுவனத்தின் தேவை ஆகிய மூன்றையும் ஒரே மேசையில் அமர்த்தும் ஏற்பாட்டை மிகப் பெரிய அளவில் நடத்தி வருவது ஐரோப்பா. கணிப்பொறித் துறையில் அமெரிக்காவுக்கும் யப்பானுக்கும் பின்தங்கிவிடுவோமோ என்ற அச்சத்தில் 1984இல் ‘எஸ்பிரிட்’ என்ற திட்டம் அங்கு தொடங்கப்பட்டது. சீமன்ஸ், பிலிப்ஸ், ஒலிவெத்தி, தொம்சன் முதலிய பன்னிரண்டு பெரு நிறுவனங்கள் ஐரோப்பிய ஆணைக்குழுவுடன் கலந்து அத்திட்டத்துக்கு உருக்கொடுத்தன. செலவிற் பாதி பொதுப்பணம், மறுபாதி பங்காளிகளுடையது. அதே ஆண்டில் ஆரம்பித்த ‘கட்டமைப்புத் திட்டங்கள்’ ஒன்றன்பின் ஒன்றாகப் பெருகின. 2007 முதல் 2013 வரையிலான ஏழாவது திட்டத்துக்கு 5,000 கோடி யூரோவுக்கு மேல் ஒதுக்கப்பட்டது. 2014 முதல் 2020 வரையிலான திட்டத்துக்கு ஏறக்குறைய 8,000 கோடி. 2021 முதல் 2027 வரையிலான திட்டத்துக்கு 9,550 கோடி. கூட்டு ஆய்வுக்குப் பணம் கேட்போர் பொதுவாக மூன்று வெவ்வேறு நாடுகளைச் சேர்ந்த மூன்று பங்காளிகளையாவது கொண்டிருத்தல் வேண்டும் என்பது விதி.

இவ்வேற்பாட்டில் நன்மை இல்லை என்று கூறுவது அறியாமை. பல நாட்டு ஆய்வுகூடங்கள் ஒன்றுகூடின. தனியொரு பல்கலைக்கழகத்தால் தாங்கவியலாத ஆய்வுகள் நடந்தன. ஆயினும் மேசையைச் சுற்றி அமர்ந்திருப்போர் யார் என்று பார்த்தால், வரி செலுத்தும் உழைப்பாளி அங்கு இல்லை. அவன் பணம் இருக்கிறது. கேள்வியை எழுதுவோர் வேறு சிலர். எஸ்பிரிட்டைத் தோற்றுவித்த கேள்வி, ‘எங்கள் நிறுவனங்கள் சந்தையில் எவ்வாறு நிலைப்பது?’ என்பதே.

ஐரோப்பாவில் நடப்பது நீர்வேலிக்கு என்ன என்று வாசகர் கேட்கலாம். இத்தகைய மேசையொன்று இலங்கையிலும் போடப்பட்டது; அதிற் பிறந்த பண்டம் நீர்வேலியின் கிணற்றோடு நேரடிச் சம்பந்தமுடையது என்பதே மறுமொழி.

2008இல் இலங்கை நானோ தொழில்நுட்ப நிறுவகம் அமைக்கப்பட்டது. அரசு ஒரு பங்காளி. பிராண்டிக்ஸ், டயலொக், ஹேலிஸ், லோட்ஸ்டார், மாஸ் ஆகிய ஐந்து பெருநிறுவனங்கள் மறுபங்காளிகள். அந்நிறுவகத்தின் விஞ்ஞானிகள் எடுத்துக்கொண்ட முதற் பிரச்சினைகளுள் ஒன்று பசளை. யூரியா நீரில் மிக விரைவாகக் கரைவது. நிலத்தில் இட்டதிற் பெரும் பகுதி பயிருக்குப் போய்ச் சேராமல் வீணாவது. அதை மெல்ல மெல்ல வெளிவிடச் செய்வது எவ்வாறு? எலும்பிலும் பல்லிலும் உள்ள கனியமாகிய ஐதரொட்சி அபற்றைற்றை மிக நுண்ணிய துணிக்கைகளாக்கி, அவற்றின் மேற்பரப்பில் யூரியாவைப் பிணைத்தார்கள். 2011இல் வெளியான அவர்களது ஆய்வில் அத்துணிக்கைகள் சீமைக்கிளுவை மரத்தின் மென்மையான தண்டினுள் அழுத்தி ஏற்றப்பட்டன. இலங்கையின் மூன்று வெவ்வேறு உயரங்களிலிருந்து எடுத்த மண்ணில் அது சோதிக்கப்பட்டது. சாதாரணப் பசளை தொடக்கத்திலேயே பெரும்பகுதியைக் கொட்டிவிட்டு ஓய, இது அறுபதாம் நாளிலும் நைதரசனை வெளிவிட்டுக்கொண்டிருந்தது.

2017இல் அமெரிக்க இரசாயனச் சங்கத்தின் ‘ஏசிஎஸ் நானோ’ சஞ்சிகையில் ஸ்ரீ ஜயவர்த்தனபுர பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த நில்வலா கொத்தேகொடவும், கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த கெஹான் அமரதுங்கவும், அவர்தம் சகாக்களும் எழுதிய கட்டுரை வெளிவந்தது. ஒரு பங்கு கனியத்துக்கு ஆறு பங்கு யூரியா. நிறையில் நூற்றுக்கு நாற்பது நைதரசன். மரத்தண்டின் துணையின்றியே திண்மமாகத் தயாரிக்கும் எளிய முறை. யூரியாவின் அளவைக் குறைத்தும் விளைச்சலைக் காக்கலாம் என்பதை அவர்கள் நெல் வயலிற் காட்டினர். கருவிக்கும் பணத்துக்கும் முட்டுப்பட்ட சிறிய நாடொன்றில் நிகழ்ந்த இச்சாதனையைப் பாராட்டாதவன் விஞ்ஞானத்தின் நண்பனாகான்.

இனி நீர்வேலிக்கு வருவோம். வலிகாமம் கிழக்கில், பருத்தித்துறை வீதியின் இருமருங்கும் பரந்து கிடக்கும் செம்மண் தோட்டங்களில் வாழையும் வெங்காயமும் புகையிலையும் மரக்கறியும் விளைகின்றன. இங்கு ஆறு இல்லை. தோட்டத்துக்கும் வீட்டுக்கும் நீர் கிணற்றிலிருந்தே வருகிறது. செம்மண்ணின் கீழே சுண்ணக்கற் பாறை. அப்பாறையின் வெடிப்புகளிலும் குகைகளிலும் மழைநீர் தங்கி நிற்கிறது. மண்ணில் இட்ட யூரியா அமோனியமாகி, பின் நைத்திரேற்றாக மாறுகிறது. நைத்திரேற்றை மண் பற்றி வைத்திருப்பதில்லை. இறைக்கும் நீரோடும் மாரி மழையோடும் அது கீழிறங்கிப் பாறை வெடிப்பினூடாகக் கிணற்றை அடைகிறது. குடிநீரில் நைத்திரேற்று ஒரு லீற்றருக்கு 50 மில்லிகிராமைத் தாண்டலாகாது என்பது உலக சுகாதார நிறுவனத்தின் வரையறை. குடாநாட்டின் கமச்செய்கைப் பகுதிகளிலுள்ள பல கிணறுகள் அவ்வரையறையை மீறியிருப்பதை 1980கள் முதலே ஆய்வுகள் காட்டி வந்துள்ளன. அந்நீரைக் கரைத்த பாலுணவு கைக்குழந்தையின் குருதி ஒட்சிசனைச் சுமக்கும் ஆற்றலைக் குறைக்கும்.

ஆகவே மெல்லக் கரையும் யூரியா என்பது நீர்வேலிக் கமக்காரனுக்கு இரு விதத்தில் முக்கியமானது. அது அவன் பசளைச் செலவைக் குறைக்கலாம். அவன் பிள்ளை குடிக்கும் நீரைக் காக்கலாம். ‘லாம்’ என்றே கூறுகிறேன். சுண்ணக்கல்லின் மேலுள்ள இச்செம்மண்ணில் அது எவ்வாறு இயங்கும் என்பதைச் சோதித்தே அறிதல் வேண்டும். அச்சோதனையின் விளைவு அவன் தோட்டத்துக்கு வந்து சேர ஒரு வழி இருந்ததா என்பதே நம் கேள்வி.

நிகழ்ந்தது வேறு. 2010களின் முற்பகுதியில் இப்பசளைக்கான ஆக்கவுரிமை ஐதராபாத்தைச் சேர்ந்த நாகார்ஜுனா பசளை, இரசாயன நிறுவனத்துக்கு விற்கப்பட்டது. இலங்கை ஆய்வுகூடம் ஒன்றின் கண்டுபிடிப்பை அயல்நாட்டு நிறுவனம் விலைகொடுத்து வாங்கிற்று என்பது பெருமைக்குரிய செய்தியாகப் பேசப்பட்டது. மேசையில் அமர்ந்திருந்தோரின் நோக்கில் அது வெற்றிதான். முதல் போடப்பட்டது, பண்டம் உருவாயிற்று, பண்டம் விலைபோயிற்று.

பின்னர் 2021 வந்தது. அவ்வாண்டு மே மாதம் இரசாயனப் பசளை இறக்குமதி வர்த்தமானி மூலம் தடைசெய்யப்பட்டது. ஒரே போகத்தில் நாடு முழுவதும் சேதனப் பசளைக்கு மாறிவிடும் என்று கட்டளை பிறந்தது. மண்ணை அறிந்த கமக்காரரும் விவசாய விஞ்ஞானிகளும் எச்சரித்தனர், கேட்பாரில்லை. ஒக்டோபரில் அரசாங்கம் இந்தியாவிலிருந்து ‘நானோ நைதரசன்’ என்ற திரவத்தை விமானத்தில் இறக்கியது. அது இலங்கையில் உருவான திண்மப் பசளையன்று. இஃப்கோ என்ற இந்திய விவசாயிகள் கூட்டுறவு நிறுவனம் குஜராத்தில் உருவாக்கிய, இலையில் தெளிக்கும் வேறொரு பண்டம். அதன் பயன் பற்றி விவசாய விஞ்ஞானிகளிடையே ஐயம் உண்டு. நவம்பரிலேயே அரசாங்கம் தடையைத் தளர்த்த வேண்டியதாயிற்று. அதற்குள் பயிர் வெளிறிவிட்டது.

இரு நிகழ்ச்சிகளையும் அருகருகே வைத்துப் பாருங்கள். பசளையைச் சிக்கனமாக்கும் வழியை இந்நாட்டுப் பொதுப்பணத்தின் துணையோடு இந்நாட்டு விஞ்ஞானிகளே கண்டிருந்தனர். அதன் உரிமை கடல் கடந்து போயிற்று. பசளை இல்லாமற் போன ஆண்டில் வேறொரு நானோப் பசளை கடல் கடந்து வந்தது. போனதற்கும் வந்ததற்குமிடையே நீர்வேலித் தோட்டக்காரன் வெறுங்கையோடு நின்றான்.

இதற்கு ஒரு மறுப்பு உண்டு. அதைப் புறக்கணித்தல் நேர்மையாகாது. இலங்கையில் யூரியாத் தொழிற்சாலை இல்லை. சப்புகஸ்கந்தையில் இருந்ததும் 1980களின் நடுப்பகுதியில் மூடப்பட்டது. புதிய பசளையைப் பெருமளவில் உற்பத்தி செய்யப் பெருமுதல் தேவை. அம்முதல் உள்ளவனுக்கு விற்காமல் ஆக்கவுரிமைப் பத்திரத்தைப் பெட்டியிற் பூட்டி வைப்பதால் என்ன பயன் என்பர். வாதம் ஓரளவு உண்மை. ஆனால் விற்பதா, பூட்டுவதா என்ற இரண்டே வழிகள்தாம் உண்டென்பது பொய். விற்கும்போது நிபந்தனை விதிக்கலாம். இந்நாட்டுக் கமக்காரனுக்காக இந்நாட்டில் உற்பத்தி செய்யும் உரிமையை நிறுத்தி வைத்துக்கொண்டு ஏனைய நாடுகளுக்கான உரிமையை மட்டும் கொடுக்கலாம். குறித்த காலத்துள் உற்பத்தி தொடங்கப்படாவிடின் உரிமை மீளும் என்று எழுதலாம்.

இது கனவு காண்பவனின் யோசனை என்று எண்ண வேண்டாம். முதலாளித்துவ ஐரோப்பாவே இதைச் செய்கிறது. அதன் ஆய்வுத் திட்டங்களின் விதிப்படி, பொதுப்பணத்தில் பிறந்த முடிவின் உடைமையை ஒன்றியத்துக்கும் அதனோடு இணைந்த நாடுகளுக்கும் வெளியேயுள்ள ஒருவருக்கு மாற்ற ஒரு பங்காளி முற்படின், அது ஒன்றியத்தின் நலனுக்கு ஒவ்வாதெனக் கண்டால் ஆட்சேபிக்கும் அதிகாரத்தை ஆணைக்குழு தன்னிடம் வைத்துக்கொள்ளலாம். அமெரிக்காவின் 1980ஆம் ஆண்டுச் சட்டம், அரசாங்கப் பணத்தில் உண்டான கண்டுபிடிப்பின் ஆக்கவுரிமையைப் பல்கலைக்கழகத்துக்கே விட்டுக்கொடுத்தது. ஆயினும் அக்கண்டுபிடிப்பு பயன்பாட்டுக்கு வராதபோது தலையிடும் உரிமையை அரசாங்கத்துக்கு வைத்தது. தனிச்சொத்தைத் தெய்வமாகப் போற்றும் நாடுகள் தம் பொது அறிவுக்கு வேலி போடுகின்றன. நாமோ அவர்களிடமிருந்து மேசையைக் கடன் வாங்கினோம். வேலியைக் கடன் வாங்கவில்லை.

வேலிக்குரிய கருத்து நம் நாட்டுச் சட்டத்திலேயே உண்டு. அனுராதபுர மாவட்டத்து எப்பாவலையிலுள்ள பொசுபேற்றுப் படிவை அயல்நாட்டுக் கம்பனி பங்குகொண்ட ஒப்பந்தத்தின் மூலம் அகழ்ந்தெடுக்க 1990களில் அரசாங்கம் முற்பட்டது. அவ்வூர்க் கமக்காரரும் பிறரும் உயர் நீதிமன்றம் சென்றனர். 2000இல் நீதிமன்றம் அவர்கள் பக்கம் தீர்ப்பளித்தது. நாட்டின் வளங்கள் மக்களுடையவை; அரசின் உறுப்புகள் அவற்றின் பாதுகாவலர் மாத்திரமே என்பது அத்தீர்ப்பின் சாரம். படிவின் அளவும் தரமும் முழுமையாக ஆராயப்பட்டு, அம்முடிவுகள் வெளியிடப்படும் வரை ஒப்பந்தம் செய்யலாகாது என்றும் நீதிமன்றம் கட்டளையிட்டது. எப்பாவலையின் பாறையும் ஒருவகை அபற்றைற்றே. ஆய்வுகூடத்தில் யூரியாவைச் சுமந்த கனியமும் அதன் இனமே. மண்ணுக்கடியிற் கிடக்கும் கல்லுக்குப் பாதுகாவலர் உண்டு. மக்கள் பணத்தில் அக்கல்லின் இனத்திலிருந்து உண்டாக்கிய அறிவுக்கு மட்டும் பாதுகாவலர் இல்லையா?

இந்நாட்டில் வேறொரு மரபும் இருந்தது. 1950களின் பிற்பகுதியில் விவசாயத் திணைக்களத்தின் விஞ்ஞானிகள் எச்-4 என்ற நெல்லினத்தை உருவாக்கினர். அது எந்தக் கம்பனியின் சொத்துமாகவில்லை. விதை திணைக்களத்திலிருந்து கமக்காரனுக்கும், கமக்காரனிடமிருந்து அயலானுக்கும் போயிற்று. நாட்டின் நெல் விளைச்சலை உயர்த்தியது அத்தகைய ஆய்வு. வரி செலுத்தியவனே பயனையும் பெற்றான். அவ்வாய்வுக்கு நிதியும் ஆளும் போதாமற் போனபின், ‘தொழிலோடு சேர்’ என்ற அறிவுரை பல்கலைக்கழகங்களுக்கு வேதவாக்காயிற்று. தொழிலோடு சேரட்டும், தவறில்லை. ஆனால் தொழில் என்றால் கம்பனி மாத்திரந்தானா? கமம் தொழிலன்றா? வாழைக்குலை சந்தைப்படுத்தும் கூட்டுறவுச் சங்கம் ஏன் ஆய்வுத் திட்டத்தின் பங்காளியாகக் கூடாது? இஃப்கோவின் பண்டத்தை நாம் ஐயுறலாம்; ஆனால் விவசாயிகளின் கூட்டுறவு ஒன்று தனக்கென ஆய்வுகூடம் வைத்திருக்க முடியும் என்பதை அது காட்டிவிட்டது. கூட்டுறவு இயக்கத்தில் நீண்ட அனுபவமுடைய யாழ்ப்பாணத்துக்கு இது எட்டாத செயலன்று.

ஆகவே நாம் கேட்க வேண்டியவை மூன்று. பொதுப்பணம் சேர்ந்த எந்தக் கூட்டு ஆய்வின் ஒப்பந்தமும் பகிரங்கமாக வெளியிடப்படல் வேண்டும். அதிற் பிறக்கும் கண்டுபிடிப்பை இந்நாட்டில் பயன்படுத்தும் உரிமை விற்பனைக்கு அப்பாற்பட்டதாய் இருத்தல் வேண்டும். எதை ஆராய்வது என்று தீர்மானிக்கும் மேசையில், ஆய்வின் விளைவைத் தன் மண்ணில் ஏற்பவனுக்கும் ஓர் ஆசனம் வேண்டும். அவனோடு தமிழிலும் சிங்களத்திலும் பேச வேண்டும்.

இக்கோரிக்கைகளை எழுப்பக்கூடியோர் ஆசிரியரும் மாணவருமே. இரசாயனம் படிப்பிக்கும் ஆசிரியர் யூரியாவின் சூத்திரத்தைக் கரும்பலகையில் எழுதும்போது, அது எங்கே செய்யப்படுகிறது, யார் விற்கிறார், இறைத்த நீரோடு எங்கே போகிறது என்பதையும் சேர்த்துச் சொல்லட்டும். பள்ளிக்கூடக் கிணற்று நீரின் நைத்திரேற்றை மாணவர் அளந்து பார்த்துச் சுவரில் எழுதி ஒட்டட்டும். பல்கலைக்கழக மாணவன் தன் ஆய்வுக்கு நிதி தருபவனிடம், முடிவு யாருடையது என்று கையெழுத்திடுமுன் கேட்கட்டும். 2011ஆம் ஆண்டு ஆய்வில் நானோத் துணிக்கையைச் சுமந்த சீமைக்கிளுவை நம் ஊர் வேலிகளில் இன்றும் தழைத்து நிற்கிறது. அதன் குழையைத் தோட்டத்துக்குத் தாழ்க்கும் கமக்காரனுக்கு, அதன் தண்டில் என்ன செய்து பார்த்தார்கள் என்பதை முதலிற் போய்ச் சொல்லுவோம்.