நூறு கிராமா, ஒரு கிண்ணமா? பேரியாட்ரிக் உணவுத்தாள்கள் பற்றி ஒரு விமர்சனக் குறிப்பு

எடைக்குறைப்பு அறுவை சிகிச்சைக்குப் பிறகு வீட்டில் என்ன சமைப்பது என்று தமிழில் தேடினால் இரண்டு வகை எழுத்து கிடைக்கிறது. ஒன்று, மருத்துவமனைகள் கையில் கொடுத்தனுப்பும் உணவுத்தாள். இன்னொன்று, 'ஹை புரோட்டீன்' என்று தலைப்பு போட்ட சமையல் வீடியோக்கள். என் அக்காவுக்கு ஸ்லீவ் அறுவை நடந்த பிறகு இரண்டையும் உட்கார்ந்து படித்தேன், பார்த்தேன். இரண்டிலும் எனக்குத் தெரிவது ஒரே குறை: புரதக் கணக்கைத் தப்பான இடத்தில் தொடங்குகிறார்கள்.

ஸ்லீவ் அறுவையில் இரைப்பையில் ஏறக்குறைய முக்கால் பங்கை வெட்டி எடுத்துவிடுகிறார்கள். மிஞ்சுவது வாழைப்பழம் மாதிரி ஒரு குழாய். முதல் சில மாதங்களுக்கு ஒரு வேளைக்கு ஒரு சின்னக் கிண்ணம்தான் இறங்கும். "பாதி இட்லிக்கு மேல நெஞ்சுல நிக்குதுடா" என்று அக்கா சொன்னது மிகை இல்லை. ஆனால் புரதத் தேவை அப்படிச் சுருங்குவதில்லை. நாளுக்குக் குறைந்தது 60 கிராம் என்பதுதான் பொதுவாகச் சொல்லப்படும் இலக்கு. அது கிடைக்காவிட்டாலும் எடை இறங்கும், ஆனா கொழுப்போடு தசையும் சேர்ந்து போகும். தராசு அதைப் பிரித்துக் காட்டாது. வீட்டில் எல்லோரும் "சூப்பர், ஆறு கிலோ குறைஞ்சாச்சு" என்று சந்தோஷப்படுவோம். மாடிப்படி ஏற முடியாமல் அவர் உட்கார்ந்திருப்பார்.

இப்போது தாளுக்கு வருவோம். காலை இட்லி சாம்பார், 11 மணிக்கு ராகிக் கஞ்சி, மதியம் குழைந்த சாதமும் பருப்பும். பக்கத்தில் 'புரதச்சத்து நிறைந்தது' என்ற குறிப்பு. துவரம்பருப்பில் 100 கிராமுக்கு 22 கிராம் புரதம் என்பது உண்மைதான். ஆனால் அது டப்பாவில் இருக்கும் காய்ந்த பருப்பின் கணக்கு. அந்த 100 கிராமை வேகவைத்து, புளித்தண்ணி விட்டு ஒரு லிட்டர் சாம்பாராக்கினால், 100 மில்லி கிண்ணத்துக்கு வருவது 2 கிராம் சொச்சம். ஒரு இட்லியில் சுமார் 2 கிராம். 20 கிராம் ராகி மாவில் கரைத்த கஞ்சியில் ஒன்றரை கிராம். பாதி நாள் முடிந்துவிட்டது, கையில் இருப்பது 6 கிராம்கூட இல்லை.

சாதாரண வயிறு இருக்கிறவர் இன்னும் ரெண்டு கரண்டி சேர்த்துச் சாப்பிட்டு இதை ஈடுகட்டிவிடலாம். இவருக்கு அந்த இடம் கிடையாது. அதனால் 100 கிராமில் எவ்வளவு என்று கேட்பதை விட்டுவிட்டு, சமைத்து முடித்த பிறகு ஒரு கிண்ணத்தில் எவ்வளவு என்று கேட்க வேண்டும். நான் பார்த்த எந்தத் தாளிலும் அந்த ஒரு பத்தி இல்லை.

வீடியோக்களின் சிக்கல் வேறு. அவற்றில் பல, அமெரிக்கச் சமையலை அப்படியே தமிழில் சொல்கின்றன. 'காட்டேஜ் சீஸ்' என்ற இடத்தில் பனீரைப் போட்டுவிடுகிறார்கள். இரண்டும் ஒன்றில்லை. அங்கே கடையில் கிடைக்கும் காட்டேஜ் சீஸில் கொழுப்பு குறைவு. நம்ம கடைப் பனீரில் 18 கிராம் புரதம் இருந்தால் கொழுப்பு அதைத் தாண்டி இருக்கும். கொழுப்பு நீக்கிய பாலை வீட்டில் திரித்துக்கொண்டால் பிரச்சினை தீர்ந்தது, ஆனால் அதை யாரும் சொல்வதில்லை. இன்னொரு பக்கம் சிறுதானியம், ஆட்டுக்கால் சூப். சத்தானது என்பதும் புரதம் நிறைந்தது என்பதும் வேறு வேறு. தினையும் வரகும் பெரும்பாலும் மாவுச்சத்து. ஆட்டுக்கால் சூப்பில் இருக்கும் ஜெலட்டினில் டிரிப்டோபான் என்ற அமினோ அமிலம் கிடையாது. அது தசைக்கான முழுப் புரதம் ஆகாது.

நியாயமாக ஒன்றைச் சொல்ல வேண்டும். திரவம், கூழ், மென்மை, திடம் என்று கட்டம் பிரித்ததிலும், சாப்பாட்டோடு தண்ணீர் குடிக்காதே என்பதிலும், பி12, இரும்பு, கால்சியம் மாத்திரைகளை விடாதே என்பதிலும் இந்தத் தாள்கள் சரியாகவே இருக்கின்றன. 'முதலில் புரதத்தைச் சாப்பிடு' என்றும் எழுதியிருக்கிறார்கள். ஆனால் நம் இலையில் நடுவில் இருப்பது சாதம். புரதம் ஓரத்தில் தொடுகறியாக இருக்கிறது. அந்த ஓரத்தை நடுவுக்குக் கொண்டுவருவது எப்படி என்பதுதான் சமைக்கிறவருக்கு வேண்டிய விஷயம்.

அதற்கு வெளியே போகவே வேண்டாம். பருப்பு உசிலியை எடுத்துக்கொள்ளுங்கள். சாம்பாருக்குப் போகும் அதே பருப்புதான். ஊறவைத்து, அரைத்து, ஆவியில் வேகவைத்து உதிர்ப்பதால் தண்ணீர் சேர்ந்து பெருகுவதில்லை. காயைக் குறைத்துச் செய்தால் 100 கிராமுக்கு 8 கிராம் அளவுக்கு வரும், சாம்பாரைப் போல மூன்று மடங்குக்கு மேல். எண்ணெயைப் பாதியாக்கணும், தொண்டையில் அடைக்காமல் இருக்கக் கொஞ்சம் கெட்டித் தயிர் சேர்க்கணும், அவ்வளவுதான். அசைவம் சாப்பிடுகிறவர்களுக்குச் சுறாப்புட்டு. பிள்ளை பெற்றவளுக்குச் செய்து கொடுக்கும் பதார்த்தம். மெத்தென்று இருக்கும், முள் இல்லை, அரைக் கிண்ணத்திலேயே 10 கிராம் தாண்டும். முட்டைப் பொடிமாஸ் ஒரு முட்டைக்கு 6 கிராம். துணியில் கட்டித் தண்ணீர் வடித்த தயிரில் சாதாரணத் தயிரைப் போல இரண்டு மடங்கு. உசிலி மாதிரி உதிரி உணவை மருத்துவர் திட உணவுக்கு அனுமதி கொடுத்த பிறகுதான் தொடணும் என்பதை மறந்துவிடாதீர்கள்.

இதில் வீட்டுப் பொருளாதாரமும் இருக்கிறது. அறுவை செய்துகொண்டவரே வீட்டுக்கும் சமைக்கிறவராக இருந்தால், தனக்கென்று தனிச் சமையல் நாலு நாளில் நின்றுபோகும். உசிலியும் புட்டும் வீட்டில் எல்லோரும் சாப்பிடுவது. அக்கா முதலில் தன் கிண்ணத்தை எடுத்து வைத்துவிட்டு மற்றவர்களுக்குச் சாதத்தோடு பரிமாறுகிறார். புரதப் பவுடர் டப்பாவை ஒதுக்கச் சொல்லவில்லை. ஆரம்ப வாரங்களில் அது இல்லாமல் 60 தொடுவது கஷ்டம்.

உணவுத்தாள் தயாரிக்கிற டயட்டீஷியன்கள் யாராவது இதைப் படித்தால் ஒரு வேண்டுகோள்: 'புரதம் நிறைந்தது' என்ற வரியை எடுத்துவிட்டு, அந்த இடத்தில் 'ஒரு சின்னக் கிண்ணத்தில் இத்தனை கிராம்' என்று எண்ணைப் போடுங்கள். மிச்சத்தை எங்க வீட்டு அடுப்படி பார்த்துக்கொள்ளும்.