பயனாளி என்றொரு சொல்: மறுவாழ்வுச் சொல்லாடல் குறித்துச் சில குறிப்புகள்

சட்டமும் ஒரு பிரதிதான். அதற்கும் பாத்திரங்கள் உண்டு, சொல்முறை உண்டு, சொல்லாமல் விட்ட இடங்கள் உண்டு. ஒரு சிறுகதையை வரிக்கு வரி பிரித்துப்போட்டுச் சண்டை பிடிக்கும் நாம், சட்டப் பிரதி என்றதும் வக்கீல்களிடமும் தொழிற்சங்கக்காரர்களிடமும் தள்ளிவிட்டு ஒதுங்கிக்கொள்கிறோம். அது நம்ம வேலை இல்லை என்ற நினைப்பு. கையால் மலம் அள்ளுவதைத் தடை செய்யும் 2013ஆம் ஆண்டுச் சட்டத்தையும், அதைச் சுற்றி வளர்ந்திருக்கும் 'மறுவாழ்வு'ப் பேச்சையும் அப்படி ஒதுக்கிவிட முடியாது என்று நினைக்கிறேன். ஒரு தொழிலாளி எப்படிப் பயனாளியாக ஆக்கப்படுகிறார், அப்படி ஆக்கப்படும்போது அவரை வேலை வாங்கியவர் எங்கே காணாமல் போகிறார் என்பதுதான் இங்கே என் கேள்வி.

முதலில் வரையறை. 1993ஆம் ஆண்டுச் சட்டம் மலத்தைக் கையால் சுமப்பவரை மட்டுமே கணக்கில் எடுத்துக்கொண்டது. எடுப்புக் கக்கூசுக்கு வெளியே அதற்குக் கண் தெரியவில்லை. 2013ஆம் ஆண்டுச் சட்டம் திறந்த சாக்கடை, குழி, ரயில் தண்டவாளம் என்று எல்லையை விரித்தது. அம்பேத்கர் நினைவு நாளான டிசம்பர் 6 அன்று அது அமலுக்கு வந்தது. நல்ல விஷயம்தான். ஆனால் வரையறைக்குக் கீழே இரண்டு விளக்கங்கள் இருக்கின்றன. 'அமர்த்தப்பட்டவர்' என்றால் நிரந்தரமாகவோ ஒப்பந்தத்திலோ அமர்த்தப்பட்டவர் என்கிறது முதல் விளக்கம். அப்படியானால் தொட்டி நிரம்பிய அன்றைக்கு மட்டும் கூப்பிட்டு, வேலை முடிந்ததும் காசைக் கையில் திணித்து அனுப்பப்படுகிறவர் யார்? மத்திய அரசு அறிவிக்கும் கருவிகளோடும் பாதுகாப்பு உடையோடும் மலத்தைச் சுத்தம் செய்கிறவர் 'மலம் அள்ளுபவர்' ஆகமாட்டார் என்கிறது இரண்டாவது விளக்கம். மலம் அதேதான், ஆள் அதே ஆள்தான், சாதியும் மாறவில்லை. நடுவில் ஒரு கையுறை வந்ததும் அவர் சட்டத்தின் பார்வையிலிருந்து மறைந்துவிடுகிறார்.

பாதாளச் சாக்கடையிலும் கழிவுநீர்த் தொட்டியிலும் இறங்குவதை இதே சட்டம் 'அபாயகரமான துப்புரவு' என்று தனியாகப் பிரித்துவைக்கிறது. இதன் விளைவு என்ன? 2021 ஜூலையில் மாநிலங்களவையில் அரசு சொன்ன பதில்: மலம் அள்ளும் தொழிலால் யாரும் இறந்ததாகத் தகவல் இல்லை. இது பொய் என்றுகூடச் சொல்ல முடியாது. விஷவாயுவில் செத்தவர்களை வேறொரு தலைப்பின் கீழ் எழுதியாயிற்று, அவ்வளவுதான். வகைப்படுத்துவதே அதிகாரத்தின் வேலை என்று பூக்கோவைப் படித்துவிட்டுப் பேசுகிறோமே, அதற்கு இதைவிட என்ன உதாரணம் வேண்டும்?

சரி, வரையறைக்குள் வந்தவர்களுக்காவது என்ன கிடைத்தது? 2013, 2018 கணக்கெடுப்புகளில் அடையாளம் காணப்பட்டவர்கள் 58,098 பேர். இவர்களுக்கு ஒருமுறை ரொக்க உதவி 40,000 ரூபாய். அதற்குமேல் தொழிற்பயிற்சி, மானியத்தோடு கடன். இதற்கெல்லாம் சேர்த்து வைத்த பெயர் மறுவாழ்வு.

இந்தச் சொல் நமக்குப் பழக்கமானது. போதைப் பழக்கத்திலிருந்து மீள்கிறவருக்கு மறுவாழ்வு மையம். ஈழத்திலிருந்து வந்த அகதிகளுக்கு மறுவாழ்வு முகாம். யாருடைய வாழ்க்கை குலைந்துபோனதாகக் கருதப்படுகிறதோ அவருக்குத்தான் மறுவாழ்வு. குறை அவரிடம் இருக்கிறது, சீர்செய்பவர் வெளியிலிருந்து வருகிறார் என்பது இதன் இலக்கணம். ஆனால் நகராட்சிக்கும் ரயில்வேக்கும் காலங்காலமாக உழைத்த ஒருவருக்குச் சேர வேண்டியது உதவியா? கொடுக்காமல் விட்ட கூலி, கட்டாமல் விட்ட சேமநிதி, மறுக்கப்பட்ட ஓய்வூதியம், உடம்பில் ஏறிய நோய்க்கான ஈடு, இவையெல்லாம் நிலுவை. நிலுவை என்றால் கடன்பட்டவர் ஒருவர் இருந்தாக வேண்டும். உதவி என்று சொல்லிவிட்டால் கடன்பட்டவரே கொடையாளியாகி மாலை போட்டுக்கொள்ளலாம்.

சுயதொழில் என்ற யோசனைக்குள்ளும் ஒரு மௌனம் இருக்கிறது. அந்த 58,098 பேரில் சாதி விவரம் கிடைத்தவர்கள் 43,797. அதில் 42,594 பேர் தாழ்த்தப்பட்டோர், அதாவது நூற்றுக்குத் தொண்ணூற்றேழு. இந்தக் கணக்கை 2021 டிசம்பரில் நாடாளுமன்றத்தில் வைத்ததும் அரசுதான். நேற்றுவரை தெருவில் மலம் அள்ளிய பெண் இன்றைக்கு அதே தெருவில் இட்லிக்கடை போட்டால் யார் வந்து சாப்பிடுவார்கள்? சாதி இல்லாத சந்தை ஒன்றைக் கற்பனை செய்துகொண்டு கடன் கொடுக்கிறது திட்டம். கடை ஓடவில்லை என்றால் பழி அவளுடைய திறமையின்மேல்.

2023-24இல் வந்த 'நமஸ்தே' திட்டம் இந்தச் சங்கடத்தை வேறு வழியில் தீர்க்கிறது. தொழிலை விட வேண்டாம், கழிவு உறிஞ்சும் வண்டியைக் கடனில் வாங்கி 'சானிப்ரனர்' ஆகிவிடுங்கள் என்கிறது. இயந்திரம் வேண்டும், மருத்துவக் காப்பீடு வேண்டும், அதில் எனக்கு மறுப்பு இல்லை. ஆனால் வண்டியின் தவணை தொழிலாளியின் தலையில் விழுகிறது. வேலை வாங்கிய நகராட்சி வெறும் வாடிக்கையாளராக எதிரே உட்கார்ந்துகொள்கிறது. சாதித் தொழிலும் சாதியும் இருந்த இடத்திலேயே இருக்கின்றன, பெயர்தான் கௌரவமாகிவிட்டது. தோட்டி, துப்புரவுத் தொழிலாளி, தூய்மைப் பணியாளர் என்று பெயர் மாறிவந்த கதைதான் இதுவும்.

இது தில்லி அரசின் சொல்லாடல் மட்டுமே என்று நம்மவர்கள் திருப்திப்பட வேண்டாம். 2025 ஆகஸ்டில் சென்னையில் நடந்ததை எடுத்துக்கொள்வோம். ராயபுரம், திரு.வி.க. நகர் மண்டலங்களின் துப்புரவுப் பணி தனியாருக்குப் போவதை எதிர்த்துத் தொழிலாளர்கள் ரிப்பன் மாளிகை முன்னால் 13 நாள் உட்கார்ந்திருந்தார்கள். பெரும்பாலும் பெண்கள். தேசிய நகர்ப்புற வாழ்வாதார இயக்கத்தின் பெயரில் பல ஆண்டுகள் தினக்கூலிக்குக் குப்பை அள்ளியவர்கள். குப்பை மாநகராட்சியுடையது, ஆனால் தொழிலாளி மட்டும் ஏதோ ஒரு 'இயக்கத்தின்' ஆள்! அவர்கள் கேட்டது பணி நிரந்தரம். உயர்நீதிமன்ற உத்தரவைக் காட்டி ஆகஸ்ட் 13 நள்ளிரவில் போலீஸ் அவர்களை அப்புறப்படுத்தியது. மறுநாள் அமைச்சரவை கூடி ஆறு நலத்திட்டங்களை அறிவித்தது: காலை உணவு, வீடு, நோய்க்குச் சிகிச்சை, பிள்ளைகளின் படிப்புக்கு உதவி, பணியில் இறந்தால் காப்பீடு, சுயதொழிலுக்குக் கடன் மானியம். கேட்டது வேலை, வந்தது நலம். தொழிலாளியாகப் பேசியவர்களுக்குப் பயனாளிகள் என்று முகவரி எழுதிப் பதில் அனுப்பினார்கள்.

'அதுக்காக வர்ற சோத்தையும் வேண்டாங்கறீங்களா?' என்று தோழர்கள் கேட்கலாம். நியாயமான கேள்வி. சாப்பாடோ வீடோ வேண்டாமென்று எழுதுகிற வக்கிரம் எனக்கு இல்லை. எதுவும் சும்மா வந்ததில்லை என்பதும் தெரியும். சாக்கடைச் சாவுகளுக்கு 10 லட்சம் இழப்பீடு என்ற 2014ஆம் ஆண்டு உச்சநீதிமன்றத் தீர்ப்பு தொழிலாளர் இயக்கம் வழக்காடிப் பெற்றது. 2023 அக்டோபரில் அது 30 லட்சமாயிற்று. செத்தவருக்கு 30 லட்சம் என்று சொல்ல முடிகிற அமைப்பால் உயிரோடிருப்பவருக்கு நிரந்தர வேலை என்று ஏன் சொல்ல முடியவில்லை என்பதுதான் பிரச்சினை. இழப்பீட்டை ஒரு தடவை கொடுத்துக் கணக்கை முடித்துவிடலாம். நிரந்தர வேலை கொடுத்தால், இவர் என் தொழிலாளி, நான் இவருக்குப் பொறுப்பு என்று தினமும் ஒப்புக்கொண்டாக வேண்டும்.

எழுதுகிற நமக்கும் இதில் ஒரு வேலை இருக்கிறது. அரசின் செய்திக்குறிப்பிலிருந்து 'பயனாளி', 'மறுவாழ்வு', 'உதவி' என்ற சொற்களை அப்படியே தூக்கி நம் கட்டுரைகளில் போடுவதை நிறுத்தலாம். உதவி என்று எழுத வருகிற இடத்தில் அது நிலுவையா என்று பார்க்கலாம். எந்தத் திட்டம் அறிவிக்கப்பட்டாலும் 'இதில் முதலாளி யார்?' என்ற ஒரே கேள்வியைத் திரும்பத் திரும்பக் கேட்கலாம். அந்தக் கேள்விக்கு ஒரு திட்டத்தில் பதில் இல்லை என்றால், யாரைத் தப்பிக்கவைக்க அது எழுதப்பட்டது என்பதைத் தேட வேண்டியதுதான்.