கொப்பளித்தால் சொத்தை நீங்குமா?

மின்சாரம் பாய்ச்சிய நீரால் வாய் கொப்பளித்தால், பற்சொத்தையை உண்டாக்கும் பாக்டீரியாக்களில் 99.9 சதவீதம் மடிந்துவிடும் என்று சொல்லி இயந்திரங்களை விற்கிறார்கள். இது முழுப் பொய்யா? இல்லை, பாதி உண்மை. நம்மை எளிதில் ஏமாற்றக்கூடியது பாதி உண்மைதான். எனவே இதைச் சற்று நிதானமாக ஆராய்வோம்.

சிறிது உப்புக் கரைத்த நீரில் இரு மின்வாய்களை அமிழ்த்தி மின்னோட்டம் செலுத்தினால், நேர்மின்வாயில் குளோரின் தோன்றும். அது நீருடன் வினைபுரிந்து ஹைப்போகுளோரஸ் அமிலத்தைத் தருகிறது. குளோரின் கலந்த குடிநீரில் கிருமிகளைக் கொல்வதும் இதே அமிலந்தான். சொத்தைப் பற்களிலிருந்து 1924இல் கிளார்க் என்பவர் பிரித்தறிந்த 'ஸ்ட்ரெப்டோகாக்கஸ் மியூட்டன்ஸ்' பாக்டீரியாவை, சோதனைக் குழாயில் இந்நீர் கொல்லவே செய்கிறது.

ஆனால் நம் வாய் சோதனைக் குழாய் அன்று. அங்கே இப்பாக்டீரியாக்கள் தனித்தனியே மிதப்பதில்லை. நாம் உண்ணும் சர்க்கரையிலிருந்து பசை போன்ற பொருளை உண்டாக்கி, பல்லின்மேல் படலமாக ஒட்டிக்கொள்கின்றன. அமிலத்தின் பெரும்பகுதி உமிழ்நீரிலும் படலத்தின் மேற்பரப்பிலுமே செலவாகிவிடுகிறது. அடியில் இருப்பவை தப்பிக்கின்றன.

சரி, 99.9 சதவீதம் மடிந்தன என்றே வைத்துக்கொள்வோம். ஆயிரத்தில் ஒன்று எஞ்சும். அது இரண்டாகி, இரண்டு நான்காகி, பத்தே முறை இரட்டித்தால் 1,024 ஆகிவிடும்! சில மணி நேரத்துக்கு ஒருமுறை இரட்டித்தாலும், ஓரிரு நாளில் பழைய கூட்டம் திரும்பிவிடும். விளம்பரம் இந்தக் கணக்கைச் சொல்வதில்லை.

மற்றோர் ஆபத்தும் உண்டு. நேர்மின்வாய்ப் பக்கத்து நீரைத் தனியே பிரித்தெடுத்தால் அதன் பி.எச். மதிப்பு 3-க்கும் கீழே இறங்கக்கூடும். பல்லின் எனாமலோ ஏறத்தாழ 5.5-க்குக் கீழேயே கரையத் தொடங்குகிறது. அப்படியானால் காவலனே திருடனாகி விடுவான் அல்லவா?

நீரைக் கொண்டு பற்களைக் காக்க முடியாதா என்று கேட்பீர்கள். முடியும். அமெரிக்காவின் கிராண்ட் ராப்பிட்ஸ் நகரில் 1945இல், குடிநீரில் லிட்டருக்கு 1 மில்லிகிராம் அளவில் ஃபுளோரைடு சேர்த்தார்கள். ஆய்வாளர்கள் அங்கே கிருமிகளின் எண்ணிக்கையை மட்டும் நம்பவில்லை. பள்ளிக் குழந்தைகளின் பற்களை ஆண்டுதோறும் எண்ணினார்கள். ஃபுளோரைடு சேர்க்காத மஸ்கீகன் நகரத்துக் குழந்தைகளோடு ஒப்பிட்டார்கள். சொத்தை வெகுவாகக் குறைந்திருந்தது. ஃபுளோரைடின் முதன்மையான வேலை கிருமியைக் கொல்வதன்று. எனாமலை அமிலத்துக்கு எளிதில் கரையாதபடி உறுதியாக்குவதே. அதுவும் அளவு மீறினால் தீங்குதான். தருமபுரிப் பக்கத்துக் கிணற்று நீரால் கறைபடிந்த பற்களே அதற்குச் சான்று.

ஆகவே இயந்திரம் விற்பவரிடம் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: "எத்தனை குழந்தைகளின் பற்களை எத்தனை ஆண்டுகள் எண்ணிப் பார்த்தீர்கள்?" விடை வரும்வரை, ஃபுளோரைடு பற்பசையால் நாள்தோறும் இருமுறை பல் துலக்குவதும், இனிப்பைக் குறைப்பதுமே போதும், பணமும் மிஞ்சும், பல்லும் மிஞ்சும்.